மேகத்துக்கு மேலே மட்டுமா போர்?

இசை முழங்குகிறது. நீல வானம் விரிகிறது. தோல் மேலங்கி பூண்டு, கழுத்திலே வெண்பட்டுத் துணி சுற்றிய இளைஞன் ஒருவன் புன்னகையோடு விமானத்தில் ஏறுகிறான். அடுத்த கணம் அவன் மேகத்துக்கு மேலே! எதிரே பகைவனின் விமானம். கணிப்பொறி தீட்டிய படத்திலே சிவப்புக் கோடு ஒன்றும் நீலக் கோடு ஒன்றும் வளைந்து வளைந்து துரத்துகின்றன. கனத்த குரலொன்று கணக்குச் சொல்லுகிறது: ஒன்று வீழ்ந்தது, இரண்டு வீழ்ந்தது, ஐந்து வீழ்ந்தது; இதோ பிறந்தான் மாவீரன்! பிறகு விளம்பரம். விளம்பரம் முடிந்ததும் மறுபடியும் வானம்.

போர் விமானிகளைப் பற்றித் தொலைக்காட்சியில் வரும் ஆவணப் படங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே அச்சிலே வார்த்தவை. அமெரிக்க நாட்டு ஹிஸ்டரி அலைவரிசை 2006 முதல் 2008 வரை ‘டாக்ஃபைட்ஸ்’ என்றொரு தொடரை இப்படித்தான் கணிப்பொறிப் படங்களால் நிரப்பி ஒளிபரப்பிற்று. அந்த அச்சு இன்று உலகெங்கும் உருள்கிறது. தமிழ்க் குரல் பூட்டிக்கொண்டு நம் வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும், பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும், பகலெல்லாம் தோலோடு மல்லாடிவிட்டு இரவு வீடு திரும்பும் தொழிலாளத் தோழர் இந்தப் படத்தைப் பார்க்கிறார். அவர் கண் முதலில் எதிலே படும்? விமானத்திலா? இல்லை, அந்த மேலங்கியிலே! அது ஆட்டுத் தோலா, குதிரைத் தோலா, எத்தனை பதம் பார்த்த தோல், தையல் எப்படி ஓடுகிறது என்பதை ஒரு பார்வையிலே சொல்லிவிடுவார் அவர். படம் எடுத்தவருக்கு அந்த அறிவு கிடையாது, தேவையும் இல்லை. அவருக்கு வேண்டியது அங்கியை அணிந்த முகம். அதை உரித்தவன், ஊறவைத்தவன், பதனிட்டவன், தைத்தவள் யாரும் அவருடைய கதையில் இல்லை.

அங்கியின் கதி அதுவென்றால், போரின் கதியும் அதுவே! விமானத்தை ஓட்டியவனைக் காட்டுகிறார்கள். அதற்குப் பணம் கொடுத்தவனை, அதைப் பழுது பார்த்தவனை, அதன் கீழே நின்று மாண்டவனைக் காட்டுவதில்லை. மண்ணை வெட்டி எறிந்துவிட்டு, வானத்தை மட்டும் படச் சட்டத்துக்குள் வைத்துவிட்டு, “இதுதான் போர்” என்று நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். அந்தப் பாடத்தை மறுப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விமானியின் வீரம் பொய்யன்று. 1971 டிசம்பர் 14 அன்று சீநகர் வானிலே நாட் விமானத்தில் எழும்பித் தன்னந்தனியாகப் பகை விமானங்களை எதிர்த்து மாண்ட நிர்மல்ஜித் சிங் சேகோனின் நெஞ்சுரத்தை யார் மறுக்க முடியும்? விமானப் படையிலே பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அந்த வீரத்துக்குத் தலை வணங்குவோம். நம்முடைய வழக்கு வீரனோடு அன்று. வீரனைக் காட்டி மற்றவர் அனைவரையும் மறைக்கும் படக் கருவியோடு!

மதராசு என்ற பெயர் எப்படி வந்தது?

1940-இல் இங்கிலாந்தின் வானிலே நடந்த சண்டையைப் பற்றி வந்த படங்களுக்குக் கணக்கில்லை. அவ்வாண்டு ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை, மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த விமானப் படையினர் ஹிட்லரின் விமானங்களை எதிர்த்து நின்றார்கள். ‘அந்தச் சிலர்’ என்று அவர்களைப் போற்றுகிறது ஆங்கிலேயர் வரலாறு.

அந்தச் சிலரின் விமான அணிகளிலே மூன்றின் பெயரைச் சொல்லுகிறேன், கேளுங்கள். 79-ஆம் அணி. 234-ஆம் அணி. 264-ஆம் அணி. இந்த மூன்றுக்கும் அடைமொழி ஒன்றே: ‘மதராசு மாகாணம்’!

ஆம், தோழர்களே! நம் சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கி மூன்று அணிகள் பிரிட்டானிய விமானப் படையிலே இருந்தன. எதனால் வந்தது இந்தப் பெயர்? நம் இளைஞர் அதில் பறந்ததனாலா? அன்று! நம் மாகாணத்திலிருந்து போர் நிதியாகச் சென்ற பணத்தினால்! பணம் கொடுத்த நாட்டின் பெயரை அணிக்குச் சூட்டுவது அன்றைய பேரரசின் வழக்கம். வடார்க்காடு மாவட்டம் அந்த மாகாணத்தின் ஒரு பகுதி. நமக்கு வாக்கும் இல்லை, வழக்கும் இல்லை. இந்தியரைக் கேளாமலே இந்தியாவைப் போரில் இறக்கினார் அரசப் பிரதிநிதி என்று கண்டித்து 1939-இலே மாகாண அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னை மாகாணத்திலே ஆளுநராட்சி. போர் வேண்டுமா என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. போருக்குப் பணம் தரும் ‘உரிமை’ மட்டும் இருந்தது!

அந்த 264-ஆம் அணியின் கதையையேனும் முழுதாகச் சொல்லுகிறார்களா? அந்த அணிக்குக் கொடுக்கப்பட்டது ‘டிஃபயண்ட்’ என்ற விமானம். அதிலே விமானிக்குப் பின்னால் ஒரு சுழல் கூண்டு. அதற்குள் ஒரு துப்பாக்கி வீரன். அவன் கையிலே நான்கு துப்பாக்கிகள். முன்னோக்கிச் சுடுவதற்கோ ஒரு துப்பாக்கியும் கிடையாது. நேர் எதிரே பகைவன் வந்தால் என்ன செய்வது? வடிவமைத்த மேதைகள் அதை எண்ணிப் பார்க்கவில்லை. 1940 ஆகஸ்டு இறுதியிலே அந்த அணி நொறுங்கிற்று. ஆகஸ்டு 24 அன்று அதன் தலைவர் ஃபிலிப் ஹன்டரே திரும்பி வரவில்லை. பிறகு பகல் சண்டையிலிருந்தே அந்த விமானத்தை விலக்கினார்கள். தவறான கருவியைத் தந்து இளைஞரைப் பலி கொடுத்தார்கள் என்பது இதன் பொருள். தொலைக்காட்சியிலே வரும்போது இதுவே ‘வீர காவியம்’ ஆகிவிடுகிறது! கருவியைத் தேர்ந்தவன் யார், கையெழுத்திட்டவன் யார் என்ற கேள்வி இசையின் முழக்கத்தில் அமுங்கிப் போகிறது.

நம்மவர் பறக்கவே இல்லையா? பறந்தார்கள். முதல் உலகப் போரிலே இந்திரலால் ராய் என்ற வங்க இளைஞர், 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் பத்து வெற்றிகள் பெற்று, அதே மாதம் 22-ஆம் நாள் பத்தொன்பது வயதிலே மாண்டார். 1940-இல் இந்தியாவிலிருந்து இருபத்து நான்கு விமானிகள் இங்கிலாந்து சென்றார்கள். அவர்களுள் ஒருவரான மகிந்தர் சிங் புஜ்ஜி தலைப்பாகையோடு பறந்தவர். 2010-இலே அவர் காலமானார். இங்கிலாந்தின் கிரேவ்செண்டு நகரில் அவருக்குச் சிலை எழும்பியது 2014-இலே! உயிரோடிருந்தபோது கிடைக்காத இடம், வெண்கலமான பிறகு கிடைத்தது. அதற்குள் எத்தனை படங்கள் வந்து போயின! எத்தனை வெள்ளை முகங்கள் புன்னகை பூத்தன!

கணக்கிலே ஒரு மாயம்

இந்தப் படங்களின் உயிர்நாடி எண்ணிக்கை. யார் எத்தனை வீழ்த்தினார் என்பதே அங்கே கதை. கிரிக்கெட்டில் ஓட்டம் எண்ணுவதுபோல் மனிதச் சாவை எண்ணுகிறார்கள். அந்த எண்ணாவது மெய்யா?

1940 செப்டம்பர் 15. அன்று 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்திவிட்டதாக இங்கிலாந்து அறிவித்தது. போர் முடிந்து ஜெர்மானிய ஏடுகளைப் புரட்டியபோது தெரிந்த உண்மை: ஏறத்தாழ 60! மூன்றில் ஒரு பங்கு. நான் சொன்ன மதராசு பெயரணியான 264 மட்டும், அவ்வாண்டு மே 29-இலே டன்கர்க் வானத்தில் ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாகச் சொல்லிக்கொண்டது. உண்மை அதைவிட மிகக் குறைவு என்று பிற்பாடு தெளிந்தது. விமானிகள் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று பழிக்க வேண்டா. நொடியிலே தோன்றி நொடியிலே மறையும் சண்டை அது. ஒரே விமானத்தை மூவர் சுட்டு மூவரும் தம் கணக்கில் எழுதுவது இயல்பு. ஆனால் எண்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தப் போர்க்காலப் பரப்புரைக் கணக்கைத் திரையிலே மெருகேற்றுகிறவர்களை என்னவென்பது?

நம் நாட்டிலே நடந்ததைப் பாருங்கள். 1965 செப்டம்பர் 7 அன்று சர்கோதா வானத்தில் ஒரு நிமிடத்துக்குள் ஐந்து இந்திய விமானங்களை வீழ்த்தினார் என்று எம்.எம். ஆலம் என்ற தம் விமானியைப் பாகிஸ்தான் போற்றுகிறது. இந்தியத் தரப்பு அதை மறுக்கிறது. இரு நாட்டுப் படங்களும் இருவேறு வரலாறுகளைக் காட்டுகின்றன. இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் சிறுவன் எதை நம்புவான்?

அதே நாள், அதே சர்கோதா. குடகு நாட்டைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமட போப்பய்ய தேவய்யா திரும்பி வரவில்லை. பழைய மிஸ்டேர் விமானத்திலே சென்றவர், தம்மைத் தாக்கிய ஸ்டார்ஃபைட்டர் என்ற அதிவேக விமானத்தை வீழ்த்திவிட்டே மாண்டார். யாருக்குத் தெரியும்? நம் அரசுக்குத் தெரியவில்லை. ‘காணாமற்போனார்’ என்று ஏட்டிலே எழுதி மூடிவிட்டார்கள். ஆங்கில எழுத்தாளர் ஒருவர் பாகிஸ்தான் தரப்பிலிருந்து திரட்டி எழுதிய நூலின் வழியாகவே உண்மை வெளிப்பட்டது. அவருக்கு மகாவீர் சக்கரம் 1988-இலே அறிவிக்கப்பட்டது. இருபத்து மூன்று ஆண்டுகள்! பகைவனின் நாட்டு நினைவிலே உயிரோடிருந்த வீரன், தன் நாட்டின் நினைவிலே இருபத்து மூன்று ஆண்டு இறந்து கிடந்தான். 2025-இலே அவர் கதையைத் தழுவி இந்தித் திரைப்படமே வந்துவிட்டது. நன்று. ஆனால் அந்த இருபத்து மூன்று ஆண்டு மறதிக்கு யார் பொறுப்பு என்று கேட்கும் ஆவணப் படம் எங்கே?

விமானத்தின் அருகே நின்றவன்

ஒரு விமானி பறக்க வேண்டுமென்றால் தரையிலே எத்தனை பேர் உழைக்க வேண்டும்! பொறியைச் சீர் செய்பவன், எண்ணெய் நிரப்புபவன், குண்டு ஏற்றுபவன், ஓடுதளம் கொத்துபவன், சமைப்பவன். விடிய விடிய விழித்த அந்தக் கைகள் படத்திலே ஒரு நொடி வந்து மறையும். பெயர் கிடையாது.

அந்தக் கைகள் ஒருமுறை ஓய்ந்து நின்றன. 1946 ஜனவரியில் கராச்சிக்கு அருகே டிரிக் ரோடு தளத்திலே பிரிட்டானிய விமானப் படையின் தரைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போர் முடிந்தும் எங்களை ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை என்பது அவர்கள் கேள்வி. தீ பரவிற்று, கான்பூர் சென்றது, சிங்கப்பூர் வரை சென்றது. பல்லாயிரவர் கலந்துகொண்டார்கள். அடுத்த மாதமே பம்பாயிலே கடற்படை மாலுமிகள் பொங்கி எழுந்தார்கள். இந்திய விமானப் படையின் பணியாளர்களும் ஆங்காங்கே அவர்களுக்கு ஆதரவாக வேலையை நிறுத்தினார்கள். பேரரசின் கட்டடத்தை ஆட்டிய நிகழ்ச்சி இது! போர் விமானத்தைப் பற்றி மணிக்கணக்கிலே காட்டுகிறவர்கள் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவார்களா? மாட்டார்கள். காரணம் எளிது. தனி வீரனின் கதை யாரையும் உறுத்தாது. சேர்ந்து நின்றவர்களின் கதை உறுத்தும்.

நம் வட்டாரத்துக்கு இது புரியாத பாடமா? முதல் உலகப் போரிலே ஆங்கிலச் சிப்பாயின் காலணிக்கு மேல்தோல் வேண்டியிருந்தது. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் களைந்து, சதை சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றிலே பதனிட்ட நம் மாகாணத்து மாட்டுத் தோலை ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் அரசே வாங்கிக் குவித்தது. அந்தக் காலணி அணிந்தவனுக்குக் கல்லறையாவது உண்டு. குழியிலே நின்று கால் வெந்தவனுக்கு? கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் காலணியைப் பார்த்தால் பாலாற்றின் நிலை தெரிவதில்லை. திரையிலே பளபளக்கும் விமானத்தைப் பார்த்தால் போரின் நிலை தெரிவதில்லை.

விமானத்தின் கீழே நின்றவன்

இனி, இந்தப் படங்கள் செய்யும் பெரும் பிழைக்கு வருகிறேன்.

இங்கிலாந்தின் வான் சண்டையிலே மாண்ட விமானப் படையினர் 544 பேர். அதைத் தொடர்ந்து 1941 மே வரை நடந்த குண்டுவீச்சிலே மாண்ட ஆங்கிலேய நாட்டுப் பொதுமக்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல்! 1943 ஜூலை இறுதியில் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஹாம்பர்க் நகரைத் தீக்கிரையாக்கியபோது மாண்டவர் முப்பத்தையாயிரத்துக்கும் மேல். எந்த எண் பெரிது? திரையிலே எது பெரிதாகத் தெரிகிறது? விமானப் படைக்குள்ளேயே பாருங்கள்: பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் 55,573 பேர் மாண்டார்கள். ஒற்றை இருக்கைச் சண்டை விமானிக்குக் கிடைக்கும் திரை வெளிச்சம் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஏன்? இவர்கள் பறந்தது நகரங்களின் மேலே. இவர்களைக் காட்டினால் கீழே எரியும் வீட்டையும் காட்ட வேண்டும்!

காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. 1973-இலே இங்கிலாந்தில் ஜெரமி ஐசக்ஸ் உருவாக்கிய ‘தி வேர்ல்ட் அட் வார்’ என்ற தொடர் இருபத்தாறு பகுதிகளிலே போரின் இருபுறமும் காட்டிற்று. குண்டுவீச்சுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கிற்று. 1992-இலே கனடாவின் அரசுத் தொலைக்காட்சியில் ‘தி வேலர் அண்ட் தி ஹாரர்’ என்ற தொடர் வந்தது. ஜெர்மானிய நகரங்களின் மேல் குண்டு வீசியதன் மறுபக்கத்தை அது பேசிற்று. உடனே எழுந்தது புயல்! முன்னாள் படையினர் வழக்குத் தொடுத்தார்கள், வழக்கு தள்ளுபடியாயிற்று. அந்நாட்டு மேலவையின் துணைக் குழுவே விசாரணை நடத்திற்று. அந்தத் தொடரிலும் பிழைகள் உண்டு என்று வரலாற்று ஆசிரியர்கள் சுட்டினார்கள், இருக்கட்டும். மண்ணைக் காட்டியவனை மன்றத்துக்கு இழுக்கிறார்கள். வானத்தை மட்டும் காட்டியவனுக்கு மாலை போடுகிறார்கள் என்பதே நாம் கருத வேண்டியது.

நமக்கு ஹாம்பர்க் எதற்கு? 1942 ஏப்ரல் 5-இலே கொழும்பின் மீது சப்பானியர் குண்டு வீசினார்கள்; மறுநாள் விசாகப்பட்டினத்தில். அந்த மாதம் சென்னை நகரமே காலியாயிற்று. மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டு ஊர்களுக்கு ஓடிய கதையை உங்கள் வீட்டு முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கொழும்பு வான்சண்டை பற்றிய படங்களிலே எத்தனை விமானம் வந்தது, எத்தனை விழுந்தது என்பதெல்லாம் உண்டு. அந்தக் கூட்ட நெரிசல் ரயில்கள் இல்லை.

இன்னும் அருகே வருவோம். வேலூரை அடுத்த மேல்மொணவூரிலே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உண்டு. 2021 நவம்பர் 2 அன்று அங்கே புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார் தமிழக முதலமைச்சர். போருக்குத் தப்பி வந்த குடும்பங்களிடம் போய்க் கேளுங்கள், போர் விமானம் என்றால் என்னவென்று! வானத்தைப் பார்த்துக் கை தட்டுவதா? அன்று, ஓசை கேட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடுவது! 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலியில், அடைக்கலம் என்று நம்பிப் புனித பேதுரு தேவாலயத்திலே புகுந்திருந்த மக்கள் மீது இலங்கை விமானப் படை குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த விமானத்தை ஓட்டியவனும் போர் விமானிதான். அவனுக்கும் தோளிலே பட்டை உண்டு. எந்த ஆவணப் படம் அவனுடைய விமானத்தின் சிவப்புக் கோட்டையும் நீலக் கோட்டையும் நவாலி தேவாலயத்தின் கூரை வரைக்கும் வரைந்து காட்டும்?

மீசையும் எழுவரும்

இது பழங்கதை என்று எண்ண வேண்டா. 2019 பிப்ரவரி 27-ஐ நினைத்துப் பாருங்கள்.

விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான், மிக்-21 விமானத்தில் எல்லை தாண்டிச் சென்று, வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மார்ச் 1-இலே விடுதலையானார். தமிழர். அவர் குடும்பத்தின் ஊரான திருப்பணமூர், வேலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய வடார்க்காட்டு மண். பகைவரின் பிடியிலே அவர் காட்டிய கண்ணியத்தைக் கண்டு நாமும் பெருமிதம் கொண்டோம். வீர் சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது.

அவரை வைத்துத் தொலைக்காட்சி என்ன செய்தது? அவருடைய மீசையைப் பற்றிப் பேசிற்று! முடிதிருத்தகங்களிலே அந்த மீசை புது நாகரிகமாயிற்று. போர் என்பது மீசையாயிற்று!

அதே நாள், அதே காலையில், காசுமீரத்துப் புத்காமிலே இந்திய விமானப் படையின் மி-17 ஹெலிகாப்டர் ஒன்று எரிந்து விழுந்தது. அதிலே இருந்த விமானப் படையினர் அறுவர் மாண்டார்கள். தரையிலே பொதுமக்களில் ஒருவர் மாண்டார். ஆக எழுவர். யார் சுட்டது? நம் படையின் ஏவுகணையே! அது தங்கள் தவறு என்று விமானப் படைத் தலைவர் பதவுரியா அக்டோபர் மாதத்திலே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இடையிலே ஏழு மாதங்கள். அந்த ஏழு மாதத்துக்குள் நாட்டிலே நாடாளுமன்றத் தேர்தல் வந்து போயிற்று, வாக்கு எண்ணியாயிற்று, அரசு அமைந்தாயிற்று!

அந்த அறுவரும் வீரர்கள் அல்லவா? அவர்களுக்குத் தாய் இல்லையா, மனைவி இல்லையா? தங்கள் மகனைக் கொன்றது எது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இல்லையா? மீசைக்கு ஒதுக்கிய மணி நேரங்களிலே ஒரு பங்கை இந்த எழுவருக்கு ஒதுக்கியிருந்தால், கேள்வி பிறந்திருக்கும். கேள்வி பிறக்கக் கூடாது என்பதற்காகத்தானே மீசை!

ஏன் நமக்கு இந்தக் கவலை?

“தொலைக்காட்சிப் படந்தானே, பார்த்துவிட்டுப் போகட்டும்” என்று நண்பர் சிலர் கூறக்கூடும். விடமாட்டோம். விட முடியாத நிலை நம்முடையது.

வேலூர் கடைத்தெருவிலே ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. அதிலே ஒரு கல். இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-இல் தொடங்கிய பெரும் போருக்குச் சென்றார்கள், அவர்களுள் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதிலே பொறித்திருக்கிறார்கள். பெயர்? ஒன்றுகூட இல்லை. எண் மட்டும் உண்டு! வெள்ளைக்கார விமானிக்கு முகமும் பெயரும் இசையும். வேலூர்ச் சிப்பாய்க்கு இரண்டு எண்கள்.

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையைப் போய்ப் பாருங்கள். இராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற ஊர். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய ஊர். அந்த ஊர்த் தாய்க்குப் போர் என்றால் என்னவென்று எந்தத் தொலைக்காட்சியும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த ஊரின் பதினேழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தருகிறது! வானத்திலே சிறகடிக்கும் வீரனைக் காட்டி, “நீயும் வா” என்று அழைக்கிறது.

வந்தால் எந்தக் கதவு திறக்கிறது? விமானியாக வேண்டுமென்றால் அதிகாரிகளுக்கான தேர்வு. அதற்கு வேண்டிய கல்வி. அந்தக் கல்விக்கு வேண்டிய பணம். தோல் தொழிலாளியின் பிள்ளைக்கும் ஏழை உழவனின் பிள்ளைக்கும் பெரும்பாலும் எட்டும் கதவு கடைநிலைப் பணியாளர் கதவு. முன்பு அதிலே நுழைந்தால் இருபது ஆண்டுப் பணி, பிறகு ஓய்வூதியம் என்ற உறுதியேனும் இருந்தது. 2022 ஜூன் 14 அன்று ஒன்றிய அரசு ‘அக்னிபத்’ என்ற திட்டத்தை அறிவித்தது. அதன்படி நான்கே ஆண்டுப் பணி. நால்வரில் ஒருவருக்கு மேல் நிலைக்கமாட்டார். மற்றவருக்கு ஒரு தொகையைக் கையிலே கொடுத்து வழியனுப்பு; ஓய்வூதியம் கிடையாது. திரையிலே காட்டுவது சாகாப் புகழ். கையிலே கொடுப்பது நான்காண்டு ஒப்பந்தம்! ஒப்பந்தக் கூலி என்றால் என்னவென்று தோல் தொழிற்சாலை வாயிலிலே நின்ற நமக்கா தெரியாது?

“படையினரைச் சிறுமைப்படுத்துகிறீர்கள்” என்று நம் மீது பாய்வார்கள். அவர்களுக்கு விடை சொல்லுங்கள்: தேவய்யாவை இருபத்து மூன்று ஆண்டு மறந்தது யார்? புத்காமின் அறுவர் எப்படி மாண்டார்கள் என்று ஏழு மாதம் நாட்டுக்குச் சொல்லாதிருந்தது யார்? ஓய்வூதியத்தைப் பறித்தது யார்? சிறுமைப்படுத்தியவர்கள் அவர்களே. முழுக் கதையையும் சொல்லுங்கள் என்று கேட்கிறவன், படையினனின் உண்மையான நண்பன். பாதிக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவன், அவனுடைய சாவிலே வாணிபம் செய்கிறவன்.

ஆகவே, தோழர்களே, படத்தைப் பார்க்க வேண்டா என்று நான் சொல்லவில்லை. பாருங்கள். நம் படிப்பகங்களிலே, கிளை மன்றங்களிலே, இளைஞரைக் கூட்டி வைத்தே பாருங்கள். பார்த்து முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவர்களைக் கேளுங்கள்: இந்த விமானத்துக்குப் பணம் கொடுத்தவன் யார்? அதைப் பறக்க வைத்தவன் எங்கே? இந்த எண்ணிக்கையை எண்ணியவன் எவன்? அது பறந்தபோது கீழே இருந்த ஊரின் பெயர் என்ன? விடை படத்திலே இல்லையென்றால், விடை தேடி நூலகத்துக்கு அனுப்புங்கள். மேல்மொணவூருக்கு அழைத்துச் செல்லுங்கள். கம்மவான்பேட்டையின் முதிய சிப்பாயை மேடையேற்றிப் பேச வையுங்கள். 277 பேரின் பெயர்களைத் தேடிப் பிடிக்கும் வேலையை நம் இளைஞர்கள் மேற்கொள்ளட்டும். அரசு செய்யாததை, அலைவரிசைகள் செய்யாததை, ஒரு கிளை மன்றம் செய்து காட்டலாம்.

அரக்கோணத்துக் கடற்படைத் தளத்திலிருந்து எழும் விமானங்கள் நம் தலைக்கு மேலே நாள்தோறும் பறக்கின்றன. அண்ணாந்து பார்க்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். அண்ணாந்து பார்ப்பது இளமையின் இயல்பு. ஆனால் பார்த்து முடித்ததும், தான் நிற்கும் மண்ணையும் ஒருமுறை குனிந்து பார்க்கக் கற்றுக்கொடுங்கள். விமானம் எதுவாயினும், எத்தனை உயரம் பறந்தாலும், கடைசியில் இறங்க வேண்டிய இடம் அதுதான்.